பூனை ஏன் முக்கோணி வரையவில்லை?

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா போகும்போது ரப் என்கிற பலகைக் கணினி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் இப்படியான வீடுகளுக்குக் குறைவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தரம் மூன்றில் படிக்கும் பிள்ளை திரையில் நிறநிறமான துண்டுகளை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகக் கொழுவிக்கொண்டிருக்கும். பக்கத்திலே ஒரு பூனை நடக்கும், 'மியாவ்' என்னும், நிற்கும். "என்ன பிள்ளை செய்யிறாய்?" என்று கேட்டால் "புரோகிராமிங்" என்று பதில் வரும். அம்மம்மா சிரிப்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. இரண்டு வருடத்தில் புலமைப்பரிசில் பரீட்சை.

அம்மா கேட்கும் கேள்வி நியாயமானது. புரோகிராமிங் என்பது பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகப் படித்தவர்களே திணறுகிற வேலை என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். தமிழையே இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளை அதை எப்படிச் செய்ய முடியும்? செய்ய முடிகிறதென்றால் அது அந்த வேலைதானா, அல்லது அதன் பெயரை ஒட்டிக்கொண்ட வேறொரு விளையாட்டா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் உண்டு. ஆனால், கணினி உண்மையில் எதை எதிர்பார்க்கிறது என்று பார்த்த பிறகுதான் அது பிடிபடும்.

சொன்னதை மட்டும் செய்கிறவன்

கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளின் கோவைக்கு இலங்கைப் பாடநூல்கள் 'செய்நிரல்' என்று பெயர் வைத்திருக்கின்றன. நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறுவதை எடுத்துக்கொள்ளுங்கள். "போய்த் தண்ணியை மாறு" என்று தகப்பன் சொன்னால் மகனுக்கு அது போதும். தோட்டத்தையே கண்டிராத, மண்வெட்டி பிடிக்க மட்டும் தெரிந்த ஒருவனுக்கு அதே வேலையைச் சொல்வதென்றால் கதை நீளும். பாத்தியின் வாயை வெட்டு. நிரம்பும் வரை நில். மண் போட்டு வாயை அடை. அடுத்த பாத்திக்குப் போ. பாத்திகள் முடியும் வரை இதையே திரும்பச் செய். நடுவில் 'அடை' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் முதலாம் பாத்தி உடைப்பெடுத்து ஓடும். அவன் அடுத்த பாத்தியின் வாயை வெட்டிக்கொண்டிருப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தான்.

கணினி அப்படியான ஆள். அதற்கு ஊகம் கிடையாது. அதனிடம் வேலை வாங்க மூன்றே மூன்று உத்திகள்தான் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது, இது வரிசை. 'நிரம்பிவிட்டதா?' என்று பார்த்து அதற்கேற்ப வழி பிரிவது, இது தெரிவு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, இது மீள்செயல். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கினாலே எந்தச் செய்நிரலையும் கட்டிவிடலாம் என்று கொராடோ பேம், ஜுசெப்பே யாக்கோபினி என்ற இரண்டு இத்தாலியர்கள் 1966இல் கணித முறைப்படி நிறுவினார்கள். வங்கிக் கணக்கைப் பார்க்கிற செய்நிரலும் விமானச் சீட்டுப் பதிகிற செய்நிரலும் அடியிலே இவைதான்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்றும் புதியவை அல்ல. கெந்திக்கோடு விளையாடுகிற பிள்ளைக்கு வரிசையும் தெரியும், கோட்டில் கால் பட்டால் என்ன செய்வது என்ற தெரிவும் தெரியும். அப்படியானால் தடை எங்கே?

கட்டையின் வடிவமே இலக்கணம்

தடை எழுத்தில். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் எடுத்தவர்கள் பஸ்கால் என்ற கணினி மொழியை மறந்திருக்க மாட்டார்கள். அதில் ஒவ்வொரு கூற்றையும் அடுத்ததிலிருந்து பிரிக்க அரைப்புள்ளி போட வேண்டும். ஆனால் 'எல்ஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் போடக்கூடாது. போட்டால் முழுச் செய்நிரலும் ஓட மறுக்கும். கடைசி 'என்ட்'டுக்குப் பிறகு முற்றுப்புள்ளி வேண்டும். சிந்தனை முழுவதும் சரியாக இருந்தாலும் ஒரு புள்ளியில் எல்லாம் படுத்துவிடும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கே அழுகை வருகிற இடம் இது. ஆங்கில விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிற சின்னப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

ஸ்கிராச் போன்ற கருவிகள் அந்த இடத்தைத்தான் மாற்றின. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஊடக ஆய்வுகூடத்தில் மிச்செல் ரெஸ்னிக்கும் அவரது குழுவினரும் செய்து 2007இல் வெளியிட்டது ஸ்கிராச். இதில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கட்டை. பிள்ளை கட்டளையைத் தட்டச்சு செய்வதில்லை. கட்டையை இழுத்துக் கொழுவுகிறது.

அந்தக் கட்டைகளைக் கிட்டே வைத்துப் பாருங்கள். சாதாரண கட்டளைக் கட்டையின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம், கீழ்விளிம்பில் ஒரு புடைப்பு. ஒன்றின் புடைப்பு மற்றதன் பள்ளத்தில் இருக்கும், அதுதான் வரிசை. 'பச்சைக் கொடியை அழுத்தினால்' என்று தொடங்கும் மஞ்சள் கட்டையின் தலை வளைந்து தொப்பிபோல இருக்கும். அதன்மேல் எதையும் கொழுவ முடியாது, ஏனென்றால் தொடக்கத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. மீள்செயல் கட்டை செம்மஞ்சள். வாய் திறந்த கவ்வி மாதிரி, திரும்பச் செய்ய வேண்டியவற்றை உள்ளே கவ்விக்கொள்ளும். இதன் ஒரு வகை 'எப்போதும் திரும்பச் செய்'. அதன் அடியில் புடைப்பே கிடையாது. முடியாத வேலைக்குப் பிறகு செய்ய என்ன இருக்கிறது? 'ஆம், இல்லை' என்று விடை தரும் கேள்விகள் இரண்டு பக்கமும் கூரான அறுகோணக் கட்டைகள். அந்த வடிவ ஓட்டைக்குள் அவை மட்டும்தான் போகும்.

இந்த ஏற்பாட்டில் அரைப்புள்ளிப் பிழை என்ற ஒன்றே வராது. பொருந்தாததைப் பொருத்தப் போனால் கட்டை ஒட்டாது, அவ்வளவுதான். கையே பிள்ளைக்குச் சொல்லிவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டைகள் ஒட்டுவதால் செய்நிரல் சரியாகிவிடாது. "மேசை மாங்காயைப் பாடியது" என்ற வசனத்தில் இலக்கணப் பிழை இல்லை. அதுபோல, அழகாக அடுக்கிய கட்டைகளும் நினைத்ததைச் செய்யாமல் போகலாம். எழுத்துச் சிக்கலைக் கட்டை எடுத்துவிடுகிறது. சிந்தனைச் சிக்கலை அப்படியே மேசையில் விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு படத்தை வரைந்து பார்ப்போம்.

மூன்று பக்கம், அறுபது பாகை

ஒரு அக்காவும் தம்பியும் என்று வைத்துக்கொள்வோம். அக்கா தரம் ஏழு. இலங்கையில் 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரைக்குமான தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஸ்கிராச் வருவதால் அவளுக்குக் கொஞ்சம் பழக்கம். தம்பி தரம் மூன்று.

ஸ்கிராச் பூனைக்கு ஒரு பேனாவைக் கொடுக்கலாம். திரையின் இடப்பக்க அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் பேனாக் கட்டைகள் வந்து சேரும். பேனாவைக் கீழே வைத்துவிட்டால் பூனை போன வழியெல்லாம் கோடு விழும். முதலில் சதுரம். "100 அடி நகர்", அதன்கீழ் "90 பாகை வலப்பக்கம் திரும்பு", இரண்டையும் கவ்விக்குள் போட்டு "4 தடவை". பச்சைக் கொடியை அழுத்தினதும் சதுரம் வந்துவிட்டது. வந்த விதம் தெரியவில்லை, அவ்வளவு வேகம். கவ்விக்குள் "1 செக்கன் பொறு" என்ற கட்டையையும் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் பூனை மூலைக்கு மூலை நின்று திரும்புவது கண்ணில் படும்.

"இப்ப முக்கோணி" என்கிறான் தம்பி. அக்காவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. சமபக்க முக்கோணியின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை; பாடமாக்கினது. 4ஐ 3 ஆக்கினாள், 90ஐ 60 ஆக்கினாள்.

பூனை வலப்பக்கம் நூறு அடி போனது. கொஞ்சம் சரிந்து கீழே நூறு அடி. இன்னும் சரிந்து இன்னொரு நூறு. நின்றுவிட்டது. திரையில் முக்கோணி இல்லை. இடப்பக்கமாக வாய் திறந்த ஒரு கிண்ணம் சாய்ந்து கிடந்தது.

"அக்கா, ஏன் உது ஆவெண்டு கொண்டு நிக்குது?"

மூன்று பக்கமும் சரி, ஒவ்வொன்றும் நூறு அடி. கோணமும் புத்தகத்தில் உள்ள கோணம். கணினி பிழைவிட்டதோ என்று அவள் இன்னொரு தரம் கொடியை அழுத்திப் பார்க்கிறாள். அதே கிண்ணம். இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் பின்னால் நின்றிருந்தால் கை பரபரக்கும். ரப்பைப் பறித்து, 60ஐ 120 ஆக்கி, "இஞ்சை பார், இப்ப சரி" என்று காட்டிவிடுவார். முக்கோணி வந்துவிடும், படிப்பு போய்விடும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் தங்கள் கையைக் கட்டிக்கொள்ளப் பழகுவது ஸ்கிராச்சைப் பழகுவதைவிடக் கடினம் என்பது என் எண்ணம்.

முற்றத்துக்கு இறங்குதல்

செய்ய வேண்டியது மிகவும் எளிது. ரப்பை வைத்துவிட்டு முற்றத்தில் மூன்று தடிகளை முக்கோணியாகப் போட வேண்டும். "தம்பி, நீதான் பூனை. நான் சொன்னால் மட்டும் நட. சொன்னால் மட்டும் திரும்பு."

தம்பி முதல் தடியோரமாக நடந்து மூலைக்கு வருகிறான். இப்போது அவன் முகம் எந்தப் பக்கம்? வந்த வழியே நேராகப் பார்த்துக்கொண்டு, வேலிப்பக்கம் நிற்கிறான். அடுத்த தடியில் நடக்க வேண்டுமென்றால் அவன் கொஞ்சம் சரிந்தால் போதாது; வேலியைப் பார்த்த முகம் கிட்டத்தட்டப் பின்னுக்கே திரும்ப வேண்டும். கிணற்றடியையும் தாண்டித் திரும்பின பிறகுதான் இரண்டாம் தடி நேரே வருகிறது.

அக்காவுக்கு அங்கே வெளிச்சம் வந்துவிடும். புத்தகத்தில் உள்ள 60 பாகை இரண்டு தடிகளுக்கும் இடையில், முக்கோணியின் உள்ளே இருக்கிற கோணம். நடக்கிறவன் திரும்புகிற கோணம் அதுவல்ல. நேரே போயிருக்க வேண்டிய திசைக்கும் புதிதாகப் போகிற திசைக்கும் இடையில், வெளியே இருக்கிறது அது. கணிதப் புத்தகம் அதைப் புறக்கோணம் என்கிறது. சதுரத்தில் இந்தக் குழப்பம் வெளியே தெரியவில்லை. உள்ளேயும் 90, வெளியேயும் 90. சதுரம் தற்செயலாகச் சரிவந்தது.

சரி, அந்த வெளிக்கோணம் எத்தனை பாகை? பாகைமானி தேவையில்லை. தம்பி மூன்று மூலையிலும் திரும்பி, தொடங்கின இடத்துக்கு வந்து மூன்றாம் முறையும் திரும்பிவிட்டால், முகம் மறுபடியும் வேலிப்பக்கம். ஆக, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். ஒரு முழுச் சுற்றை மூன்று மூலைக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். 360ஐ 3ஆல் பிரிக்கத் தெரியாத தம்பிக்கும் மணிக்கூடு தெரியும். பன்னிரண்டு மணிநேரத்தை மூன்று பங்காக்கினால் நாலு நாலு. பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் திரும்பு, அடுத்தது எட்டு வரைக்கும், அடுத்தது பன்னிரண்டு. ஒரு மணிக்கு 30 பாகை என்பதால் நாலு மணிக்கு 120.

ஐந்து முதல் ஏழு வயதுக்காரருக்காக 2014இல் வந்த ஸ்கிராச் ஜூனியர் இந்த வழியைத்தான் கைக்கொள்கிறது. அதிலே பாகை என்ற பேச்சே இல்லை. திரும்பும் கட்டையில் 12 என்று போட்டால் ஒரு முழுச் சுற்று. 3 என்றால் செங்கோணம். எம்.ஐ.ரி. குழுவோடு சேர்ந்து அதை உருவாக்கிய, அப்போது ரஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த மரினா பெர்ஸ் குழந்தைக் கல்வி ஆய்வாளர். கட்டைகளில் எழுத்துக்குப் பதிலாகப் படங்கள். வரிசையும் மேலிருந்து கீழாக இல்லாமல், வாசிப்பதைப்போல இடமிருந்து வலமாகப் போகும்.

இனி அந்தக் கிண்ணத்துக்கு வருவோம். 60 பாகை திரும்புகிற பூனைக்கு ஒரு முழுச் சுற்று முடிய ஆறு திருப்பம் வேண்டும். நாம் கொடுத்தது மூன்று. 3ஐ 6 ஆக்கி ஓடவிட்டால் கிண்ணத்தின் வாய் மூடி, திரையின் கீழ்க்கரையோரம் வரை ஓர் அறுகோணி வந்து நிற்கும். அக்கா எழுதினது பாதி அறுகோணிக்கான மிகச் சரியான செய்நிரல்! பிழை என்று அழித்துவிட்டுப் போயிருந்தால் இது கிடைத்திராது.

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. ஐந்து பக்கத்துக்கு 72, எட்டுக்கு 45. ஏழு பக்கம்? 360ஐ 7 மிச்சமில்லாமல் பிரிக்காது. பிள்ளை பிரிக்கத் தேவையும் இல்லை. பச்சை நிறத்தில் வகுத்தல் கட்டை ஒன்று உண்டு. அதில் 360, 7 என்று போட்டு, திரும்பும் கட்டையின் வட்ட ஓட்டைக்குள் அப்படியே செருகிவிடலாம். 7 இருக்கிற இடங்களிலெல்லாம் 'பக்கம்' என்று பெயரிட்ட ஒரு பெட்டியைச் செருகினால், திரைக்குள் அடங்குகிற வரைக்கும் எந்த எண்ணைப் போட்டாலும் அந்தப் பல்கோணி வரும். மதிப்பு மாறக்கூடிய இந்தப் பெட்டிக்கு 'மாறி' என்று பெயர். அட்சரகணிதத்தில் எக்ஸ் என்று வந்து பிள்ளைகளை மிரட்டுகிற அதே ஆள், இங்கே வேலைக்காரனாக வந்து நிற்கிறான். பக்கத்தை 360 ஆக்கி, நகர்வை 1 அடியாகக் குறைத்துவிட்டால் கண்ணுக்கு வட்டம்.

ஆமையிலிருந்து பூனைக்கு

தானே நடந்து பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் இந்த முறை ஸ்கிராச்சுக்குக் கிட்டத்தட்ட நாற்பது வருடம் மூத்தது. 1967இல் அமெரிக்காவில் வொலி ஃபொய்ர்சைக், சீமோர் பப்பேர்ட், சிந்தியா சொலமன் முதலியோர் குழந்தைகளுக்கென்றே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். தொடக்கத்தில் அதில் சொற்களும் வசனங்களும்தான், படம் இல்லை. பிறகுதான் ஆமை வந்தது. முதலில் தரையில் ஊர்கிற, வயிற்றில் பேனா செருகிய இயந்திர ஆமை. அதன்பின் திரையில் ஊர்கிற ஆமை. பப்பேர்ட் தென்னாபிரிக்காவில் பிறந்த கணிதவியலாளர். குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜீன் பியாஜேயோடு ஜெனீவாவில் சில வருடங்கள் வேலை செய்தவர். கணிதத்தைப் பிள்ளை தன் உடம்பால் நடந்து விளங்கிக்கொள்ள முடியும் என்பது அவர் பிடித்த பிடி.

ஆனாலும் லோகோவில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அதைத் தாண்டினவர் ரேடியா பேர்ல்மன். 1970களின் நடுவில் எம்.ஐ.ரி.யில் மாணவியாக இருந்தபோது, வாசிக்கவே தெரியாத மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பெட்டி செய்தார். அதில் வரிசையாகத் துளைகள். 'முன்னே போ', 'திரும்பு' என்று படம் போட்ட பிளாஸ்ரிக் அட்டைகளைப் பிள்ளை துளைகளில் செருகிப் பொத்தானை அழுத்தினால், தரையில் ஆமை அந்த வரிசைப்படி ஊரும். இன்றைய கட்டைகளின் பாட்டி அந்த அட்டைகள்தான். பிற்காலத்தில் கணினி வலையமைப்புகளில் தகவல் ஒரே வட்டத்தில் சுற்றிச் சிக்கிக்கொள்ளாமல் காக்கும் முறையை 1985இல் வகுத்தவரும் இதே பேர்ல்மன். குழந்தைப் பெட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

கோலம் போடுகிறவர்களின் செய்நிரல்

தைப்பொங்கலன்று முற்றத்தில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவரின் கையைக் கவனியுங்கள். நேரே, புள்ளியைச் சுற்றி வளை, நேரே, மறுபக்கம் வளை. முழுக் கோலத்தின் படமும் அவர் மனதில் இருக்க வேண்டியதில்லை. அடுத்த அசைவு தெரிந்தால் போதும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1970களில் இதைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள். வசனத்துக்கு இலக்கணம் இருப்பதைப்போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம், சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்துப் பெரிய கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்று காட்டினார்கள். பின்னர் 1980களில் கனடாவில் புருசின்கியேவிச் என்ற கணினி அறிஞர், தாவரங்களின் வளர்ச்சியை விவரிக்க உருவாக்கப்பட்ட விதிகளைப் பப்பேர்ட்டின் ஆமையிடம் கொடுத்து வரையச் சொன்னபோது, செடிகளோடு கோலங்களும் வந்தன.

ஸ்கிராச் பூனையைக் கோலம் போடவைக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இது வெறும் அலங்காரச் செய்தி அல்ல. அம்மம்மாவிடம் "இதுக்குப் பிறகு கை எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டையை அடுக்கலாம். அம்மம்மாவும் அப்போது சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

இதனால் மூளை வளருமா?

ரியூசன் கொட்டில் விளம்பரங்கள் வளரும் என்கின்றன. ஆய்வுகள் அவ்வளவு அவசரப்படவில்லை. 1984இல் நியூயோர்க்கின் பாங்க் ஸ்ட்ரீற் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் இருவரும், லோகோ பழகின பிள்ளைகள் வேறொரு வேலையைத் திட்டமிடுவதில் மற்றப் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரராக இருக்கிறார்களா என்று பார்த்தார்கள். வித்தியாசம் தெரியவில்லை. லோகோ ஆதரவாளருக்கு அது பெரிய அடி. 2019இல் ரொனி ஷெரரும் குழுவினரும் 105 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டபோது படம் கொஞ்சம் மாறியது. படைப்பாற்றல், கணிதம் போன்றவற்றில் நல்ல பயன் தெரிந்தது. மொழித்திறன் போன்ற தூரத்துப் பாடங்களில் குறைவு. ஆக, செய்நிரல் எழுதினால் சமூகக்கல்விக்குப் புள்ளி கூடும் என்று யாரும் நம்பி இறங்க வேண்டாம். புறக்கோணம் என்றால் என்ன என்று அந்த அக்காவுக்கு இனி மறக்காது, அது உறுதி. எனக்கு அந்த அளவு போதும்.

இன்னொரு ஆய்வு எங்களுக்கு நேரே பேசுகிறது. சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017இல், ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஐந்து நாடுகளின் ஸ்கிராச் பயனாளர்களை ஒப்பிட்டார்கள். கட்டைகளைத் தங்கள் மொழியில் வைத்துப் பயன்படுத்தியவர்கள், அதே நாட்டில் ஆங்கிலக் கட்டைகளைப் பயன்படுத்தியவர்களைவிட வேகமாகப் புதிய கட்டைகளுக்கு நகர்ந்தார்கள். பண்டத்தரிப்பு இருக்கும் வலிகாமத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. 1820இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் வந்து தங்கி வைத்தியம் பார்த்த இடம் பண்டத்தரிப்பு. அவருக்குப் பிறகு, 1847இல் வந்து மானிப்பாயில் வேலைசெய்த சாமுவேல் கிறீன், மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டுமென்று மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழில் வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூற்றியலைத் தமிழில் படிக்க முடிந்த இடத்தில் "120 பாகை திரும்பு" என்பதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. திரையில் கட்டை ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு தமிழில் நடக்கட்டும். "இது ஓடினால் என்ன நடக்கும், சொல்லு பாப்பம்" என்று கொடியை அழுத்துவதற்கு முன் கேட்கிற ஒரு கேள்வி, பத்துக் கட்டைகளை விளங்கப்படுத்துவதைவிடப் பலன் தரும்.

இணையம் சீராக இல்லாத வீட்டுக்காரர் ஸ்கிராச்சைக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். பிறகு இணையம் தேவையில்லை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரைக்கும் மின்சாரம் நின்றதே, அந்த மாதிரி நாளில் முற்றமும் மூன்று தடியும் இருந்தால் போதும்.

நட்சத்திரம்

அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பிள்ளை செய்வது அந்த வேலையேதான். வரிசை, தெரிவு, மீள்செயல், மாறி எல்லாம் கட்டையிலும் இருக்கின்றன, பஸ்காலிலும் இருக்கின்றன, உயர்தரத்தில் படிக்கிற பைதனிலும் இருக்கின்றன. நம்பாதவர்கள் பிள்ளையின் பக்கத்தில் இருந்து ஒரு நட்சத்திரம் வரைந்து பார்க்கலாம்.

ஐந்து முனை நட்சத்திரம் என்றதும் எல்லோரும் 72 பாகை என்பார்கள். ஓடவிட்டால் ஐங்கோணிதான் வரும். முற்றத்தில் இறங்கி, கையெடுக்காமல் கீறுகிற நட்சத்திரத்தின் வழியே நடந்து பாருங்கள். தொடங்கின இடத்துக்கு வரும்போது தலை சுற்றும். ஏனென்றால் நீங்கள் சுற்றினது ஒன்றல்ல, இரண்டு முழுச் சுற்று. 720ஐ ஐந்தாகப் பிரித்தால் 144. அதே கணக்கை ஆறு முனைக்குப் போட்டால் 120 வரும். பூனை ஒரே முக்கோணியை இரண்டு தடவை சுற்றிவிட்டு நிற்கும். ஆறு முனை நட்சத்திரத்தைக் கையெடுக்காமல் இந்த வழியில் கீற முடியாது, இரண்டு முக்கோணிகளைத் தனித்தனியாகத்தான் போட வேண்டும். ஏழு முனைக்கு இரண்டு விடைகள் உண்டு. 720ஐ ஏழால் பிரித்துத் திரும்பினால் மழுங்கின முனைகளோடு ஒரு நட்சத்திரம், 1080ஐ ஏழால் பிரித்துத் திரும்பினால் ஊசிபோலக் கூரான இன்னொன்று.